ஹெலிகாப்டருக்கு அடியில் ஹெலிகாப்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்ட் கடைசியில், கேதார்நாத் பள்ளத்தாக்கில் ஒரு ஹெலிகாப்டரின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு ஹெலிகாப்டர் கழன்று விழுகிற காணொளி எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. விமானப் படையின் ஹெலிகாப்டர் பிரிவில் தரைப்பணியாளாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அன்றிலிருந்து கல்யாணப் பந்தியிலும் காலை நடையிலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுமை தூக்க ஹெலிகாப்டரின் அடிவயிற்றில் இருக்கிற கொக்கியில் நான் மாட்டியதெல்லாம் டீசல் பீப்பாய், ஜெனரேட்டர், கூடாரச் சாமான். ஹெலிகாப்டரை மாட்டியதில்லை. ஆனால் கொக்கிக்குக் கீழே நிற்பது என்றால் என்ன என்று தெரியும்.

நெஜமாவே ஒரு ஹெலிகாப்டர் இன்னொண்ணைத் தூக்கிட்டுப் பறக்குமா, இல்ல அது கிராஃபிக்ஸா?

நிஜம்தான். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு இது அன்றாட வேலை. குண்டடி பட்டோ இன்ஜின் நின்றோ வயலில் இறங்கிவிட்ட ஹியூயி என்ற சின்ன ஹெலிகாப்டரை, சினூக் என்ற பெரிய ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறை வாசலில் வைத்துவிடும். இந்த மீட்புப் பணிக்கு 'பைப் ஸ்மோக்' என்று குறிப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் போரில் சினூக்குகள் மட்டும் 11,000-க்கு மேற்பட்ட பழுதான வானூர்திகளைத் தூக்கி வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். சிஎச்-54 என்ற பறக்கும் கிரேன் தூக்கியவை தனியாக 380-க்கு மேல்.

அப்படி வந்தவற்றில் நிறைய மறுபடி பறந்தன. பறக்க முடியாதவை மற்றவற்றுக்கு உதிரிபாகம் கொடுத்தன.

லாரியில ஏத்திட்டு வந்தா போச்சு. எதுக்கு இவ்வளவு ரிஸ்க்?

லாரி போகிற இடமாக இருந்தால் லாரிதான். வானில் தூக்குவது எந்தப் படைக்கும் முதல் விருப்பம் கிடையாது. முதலில் பார்ப்பது, இருக்கிற இடத்திலேயே பழுது பார்த்துப் பறக்கவைக்க முடியுமா என்று. இரண்டு மெக்கானிக்கும் ஒரு உதிரிபாகமும் போதுமென்றால் அதைவிட நல்லது இல்லை. முழுதாகச் சரிசெய்ய முடியாவிட்டாலும், தளம் வரைக்கும் ஒரே ஒரு தடவை பறக்க அனுமதி கொடுப்பதும் உண்டு. அதுவும் ஆகாதென்றால் சாலை, படகு, கிரேன். எதுவும் நெருங்க முடியாத மலைச்சரிவு, காடு, சதுப்பு என்றால்தான் கொக்கி.

நார்வேயில் 2022 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் படையின் ஆஸ்ப்ரே ஒன்று சென்யா தீவில் அவசரமாக இறங்கியது. பாதி ஹெலிகாப்டர், பாதி விமானம் என்ற ரகம் அது. இறங்கிய இடம் இயற்கைக் காப்பிடம், சாலை கிடையாது. ஆனால் கடல் பக்கத்திலேயே இருந்தது. செப்டம்பர் கடைசியில் கிரேன் வைத்த கப்பல் கரையோரம் வந்து தூக்கிச் சென்றது. கடல் கைகொடுத்ததால் கொக்கி வேலையே வரவில்லை.

எந்தெந்த ஹெலிகாப்டரால இது முடியும்? நம்மகிட்ட இருக்கா?

வியட்நாம் கால ஹியூயியின் வெற்று எடை சுமார் 2.4 டன். இன்றைய பிளாக்ஹாக், அப்பாச்சி எல்லாம் 5 டன்னைத் தாண்டும். சினூக்கின் வெற்று எடையே 10 டன்னுக்கு மேல். எதைத் தூக்குவது என்பதைப் பொறுத்துத்தான் யார் தூக்குவது என்ற கேள்வி. சினூக்கின் அடிவயிற்றில் மூன்று கொக்கிகள் உண்டு. நடுக்கொக்கி மட்டும் கிட்டத்தட்ட 11.8 டன் தாங்கும். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் சிஎச்-53 வரிசை அதைவிடப் பெரிது. எல்லாவற்றுக்கும் மேல் ரஷ்யாவின் எம்ஐ-26: எட்டு பிளேடு, 32 மீட்டர் விட்டமுள்ள ரோட்டார் (மேலே சுழல்கிற பிளேடுத் தொகுதி), 20 டன் சுமை. 1999-ல் சைபீரியாவில் உறைந்த மண்கட்டியோடு சேர்த்து ஒரு மாமூத் யானையின் உடலைத் தூக்கிக்கொண்டு போனது இதே ரகம்தான்.

இந்திய விமானப் படையில் 15 சினூக்குகள் இருக்கின்றன; முதல் நான்கு 2019 மார்ச்சில் சண்டிகரில் சேர்க்கப்பட்டன. எம்ஐ-26 சிலவும் அதே சண்டிகர் தளத்தில் இருந்தன. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த எம்ஐ-17 வி5, அதாவது சூலூரில் நிற்கிற ரகம், வெளியே தொங்கவிட்டு 4.5 டன் வரை தூக்கும். சின்ன ஹெலிகாப்டருக்கு அது போதும் என்று காகிதத்தில் தோன்றும். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

20 டன் தூக்கும்னு போட்டிருந்தா 12 டன் சுலபம்தானே அங்கிள்? அப்புறம் என்ன பெரிய கணக்கு?

கல்லூரியில் படிக்கிற பையன் கேட்டது. நல்ல கேள்வி. விளம்பரத்தில் போடுகிற எடை கடல் மட்டத்துக்கு, இதமான வெயிலுக்கு. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். பிளேடு பிடித்துத் தள்ளுவதற்குக் காற்று கம்மி, இன்ஜின் உறிஞ்சுவதற்கும் கம்மி. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். வெயில் ஏறினால் இன்னும் இளகும். மலைத்தளங்களில் விடிந்தும் விடியாமலும் பறக்க ஆரம்பித்து, பதினொரு மணிக்கெல்லாம் கடையைக் கட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு 2002-ல் ஆப்கானிஸ்தானில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 'ஆபரேஷன் அனகோண்டா' சண்டையில் அமெரிக்கச் சிறப்புப் படையின் இரண்டு சினூக்குகள் சிர்கான்கேல் என்ற ஊருக்கு மேலே மலைச்சரிவில் மாட்டிக்கொண்டன. ஒன்று 2,600 மீட்டரில், மற்றது 3,100 மீட்டரில். மேலே இருந்தது மீட்கவே முடியாத அளவுக்குச் சேதம். கீழே இருந்ததைப் பட்டறையில் சரிசெய்யலாம் என்று முடிவானது. எரிபொருள், ரோட்டார், தேவையில்லாத கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எடை 12 டன். அமெரிக்கர்களிடம் அப்போது இருந்ததிலேயே பலசாலி சிஎச்-53இ. அது 2,600 மீட்டரில் தூக்கக்கூடியது 9.1 டன்தான். மூன்று டன் இடிக்கிறது.

கடைசியில் பக்கத்து நாடான தஜிகிஸ்தானில் கட்டுமானத்துக்கும் தீயணைப்புக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிவிலியன் எம்ஐ-26-ஐ 3 லட்சம் டாலருக்கு வாடகைக்கு எடுத்தார்கள். அது வந்து சினூக்கைக் கொக்கியில் மாட்டிக் காபூலுக்கும், பிறகு பக்ராம் தளத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து பழுதுபார்க்க அமெரிக்கா போனது. ஆறு மாதம் கழித்து, பக்ராமுக்கு 160 கி.மீ. வடக்கே இன்னொரு சினூக் மோதி இறங்கியபோதும் எம்ஐ-26-தான் வந்து தூக்கியது. சோவியத் காலத்தில் வடிவமைத்த யந்திரம் அமெரிக்கச் சிறப்புப் படையின் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு ஆப்கன் மலைகளைத் தாண்டுகிறது. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உடைஞ்சு கிடக்கிற ஹெலிகாப்டரோட எடை எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? தராசுல வைக்கவா முடியும்?

ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் எடைக்கென்று தனிப் பதிவேடு உண்டு. என்ன பொருத்தினாலும் கழற்றினாலும் அதில் ஏறும். அதிலிருந்து தொடங்கி, கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழிக்க வேண்டும். கூட்ட வேண்டியதும் இருக்கிறது: தொட்டியில் மீந்த எரிபொருள், அடியில் ஒட்டிய சேறு, உள்ளே புகுந்து தேங்கிய மழைநீர், பனிப்பிரதேசம் என்றால் உறைந்த பனி. சதுப்பில் புதைந்திருந்தால் இன்னொரு எதிரியும் சேரும். சேறு உறிஞ்சிப் பிடிப்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதனால் சுற்றிலும் தோண்டி, முதலில் அதைச் சேற்றிலிருந்து விடுவித்த பிறகே கொக்கி.

கணக்கு முடிந்தாலும் அதை நம்பி நேராகக் கிளம்பிவிட மாட்டார்கள். சில அடி மட்டும் தூக்கி அந்தரத்தில் நிற்பார்கள். இன்ஜின் எவ்வளவு மூச்சு வாங்குகிறது, இன்னும் கையிருப்பு இருக்கிறதா என்று பைலட் மீட்டரைப் பார்ப்பார். இல்லையென்றால் மெதுவாக இறக்கிவிட்டு இன்னும் எதையாவது கழற்றுவார்கள். இந்த ஒரு நிமிஷம் அந்தரத்தில் நிற்பதுதான் உண்மையான தராசு.

எதைப் பிடிச்சுத் தூக்குவாங்க? சக்கரத்துலயா, கதவுலயா?

ரோட்டார் தலையில். பிளேடுகள் வந்து சேருகிற அந்த உச்சிக் குடுமி. யோசித்துப் பாருங்கள்: ஹெலிகாப்டர் பறக்கிறபோது அதன் மொத்த எடையும் எங்கே தொங்குகிறது? பிளேடு தூக்குகிறது, உடம்பு முழுக்க ரோட்டார் தலையிலிருந்து தொங்குகிறது. ஆகவே தன் முழு எடையையும் தாங்கும்படி கட்டப்பட்ட இடம் ஏற்கெனவே அங்கே தயாராக இருக்கிறது. எடையின் மையமும் அதற்கு நேர் கீழே வரும்படிதான் வடிவமைத்திருப்பார்கள்.

விபத்தில் ரோட்டார் தலையே உடைந்திருந்தால்தான் தலைவலி. அப்போது உடம்பைச் சுற்றி அகலப் பட்டைகளை விட்டுத் தொட்டில் மாதிரி கட்டுவார்கள். அமெரிக்க ராணுவம் இதற்கென்றே 'யூமார்க்' என்று ஒரு மீட்புப் பெட்டி வைத்திருக்கிறது. எந்த ரக ஹெலிகாப்டருக்கு எந்தப் பட்டை, எந்தக் கொளுத்து, எங்கே மாட்டுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: முன்னால் இருக்கிற கனமான ஒன்றைக் கழற்றினால் வால் தாழும், வாலைக் கழற்றினால் மூக்கு தாழும். எடை குறைக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கழற்றக் கூடாது.

பிளேடை மட்டும் ஏன் கழட்டுறாங்க? அது என்ன அவ்வளவு கனமா?

கனத்துக்காக மட்டும் இல்லை. தொங்கிக்கொண்டு போகிறபோது எதிர்க்காற்று அடித்தால் பிளேடு தானாகச் சுழல ஆரம்பிக்கலாம். சுழன்றால் அது தூக்கும். கீழே தொங்குவது தன்னிஷ்டத்துக்கு மேலே ஏறப் பார்த்தால் என்னவாகும் என்று சொல்லவே வேண்டாம். அதனால் கழற்றுவார்கள், நேரமில்லாத போர்க்களத்தில் அசையாமல் இறுகக் கட்டிவிடுவார்கள். வால் விசிறிக்கும் இதே கதி. கதவு, மூடி, ஆன்டெனா என்று காற்றில் பிய்த்துக்கொண்டு போகக்கூடியதெல்லாம் ஒன்று கழற்றப்படும், இல்லை டேப் போட்டு ஒட்டப்படும்.

கொக்கியை மாட்ட ஒரு ஆளு கீழ நிக்கணுமாமே? அவருக்குப் பயமா இருக்காதா?

இருக்கும். இல்லையென்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒரு மலைக்காவல் நிலையத்தில் ஜெனரேட்டர் ஒன்றை எம்ஐ-17-ல் மாட்டியது இன்னும் நினைவிருக்கிறது. முதலில் சத்தம் வரும். பிறகு காற்று வரும். காற்று என்றால் மேலிருந்து தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி தோளில் அழுத்துகிற காற்று. சரளைக்கல் கணுக்காலில் சுளீர் சுளீரென்று அடிக்கும். கண்ணாடியை மீறிப் பனித்தூள் கண்ணுக்குள் போகும். தலைக்கு ஒரு முழம் மேலே பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வயிறு, எண்ணெய்க் கறையோடு, லேசாக ஆடிக்கொண்டு நிற்கும். பேச்சு எதுவும் காதில் விழாது. எதிரே நிற்கிற சைகைக்காரரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். வளையத்தைக் கொக்கியில் போட்டு, தாழ் விழுகிற 'டக்'கைக் காதால் கேட்க முடியாது, விரலால்தான் உணர வேண்டும். இழுத்துப் பார்த்துவிட்டு, முன்பே சொல்லி வைத்த பக்கமாகத்தான் ஓட வேண்டும்.

ஹெலிகாப்டரை மாட்டுகிறவருக்கு இன்னும் கஷ்டம். மாட்ட வேண்டிய வளையம் ரோட்டார் தலையில் இருப்பதால், உடைந்த ஹெலிகாப்டரின் கூரைமேல் ஏறி நின்று மாட்ட வேண்டும். வழுக்குகிற தகரக் கூரை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வியட்நாமில் பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள் இதைச் செய்தார்கள், சில நேரம் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில். இப்போது நீளமான கயிறும், எட்டிப் பிடிக்கிற கழியும் இருப்பதால் பல நேரம் அவ்வளவு நெருங்க வேண்டியதில்லை.

கொக்கியைத் தொட்டா கரன்ட் அடிக்குமாமே, உண்மையா?

உண்மை. பிளேடு காற்றையும் தூசியையும் உரசி உரசி ஹெலிகாப்டர் உடம்பில் நிலைமின்சாரம் சேர்ந்துவிடும். பனித்தூளும் மணலும் பறக்கிற இடத்தில் அதிகம். தரையில் நிற்கிறவர் கொக்கியைத் தொட்டால் அத்தனையும் அவர் வழியாகத்தான் பூமிக்கு இறங்கும். அதனால் ஒருவர் ரப்பர் கையுறையோடு, தரையில் அடித்த முளையோடு ஒயர் இணைத்த எர்த் கம்பியைக் கொக்கியில் வைத்துப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் மாட்டுவார். கம்பி நழுவினால் மாட்டுகிறவர் கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி வைத்த பிறகே தொட வேண்டும்.

ஒரு தடவை எங்கள் குழுவில் கம்பி நழுவியது எனக்குத் தெரியவில்லை. முழங்கையில் கட்டையால் அடித்த மாதிரி இருந்தது; இரண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஹெலிகாப்டர் கூரைமேல் நிற்கிறவருக்கு அதே அடி விழுந்தால், அடியைவிட அவர் கீழே விழுவதுதான் ஆபத்து.

கயிறு அறுந்துடாதா?

சரியாகக் கட்டினால் அநேகமாக அறாது. தூக்கப்போகிற எடையைப் போலப் பல மடங்கு தாங்குகிற பட்டைகளைத்தான் போடுவார்கள். கூரான விளிம்பில் உரசாமல் இருக்கத் துணி, ரப்பர் எல்லாம் சுற்றுவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது அறுவதைப் பற்றி இல்லை, ஆடுவதைப் பற்றி.

ஆடினா ஆடிட்டுப் போகட்டுமே, ஊஞ்சல் மாதிரிதானே?

ஊஞ்சல் வீட்டு உத்திரத்தில் கட்டியிருக்கிறது. இங்கே உத்திரமே பறக்கிறது. கீழே ஐந்து டன் ஒரு பக்கம் போனால் மேலே இருக்கிற ஹெலிகாப்டரையும் அந்தப் பக்கம் இழுக்கும். பைலட் அதைச் சரிசெய்யக் கையை நகர்த்துவார்; அந்த நகர்த்தல் ஆட்டத்தோடு தாளம் சேர்ந்துவிட்டால் ஆட்டம் இன்னும் பெரிதாகும். குழந்தையின் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி, விரும்பாமலே தள்ளிக்கொண்டிருப்பார்.

இதில் சிமென்ட் மூட்டையைவிட ஹெலிகாப்டர் மோசமான சுமை. அதன் எடைக்கு உடம்பு ரொம்பப் பெரிது, உள்ளே காலி. அடுக்கி வைத்த மூட்டையைக் காற்று அசைக்கத் திணறும். தகரக் கூண்டைச் சுலபமாகப் பிடித்துத் தள்ளும். கூடவே நீளமான வாலும் அதில் நிமிர்ந்த துடுப்பும் இருக்கிறது. காற்று அந்த வாலைத் தள்ளினால் மொத்தமும் பம்பரமாகச் சுற்றத் தொடங்கும். வியட்நாமிலேயே இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், வால் நுனியில் சின்னப் பாராசூட் ஒன்றைக் கட்டிவிடுவது. பட்டத்துக்கு வால் கட்டுகிற மாதிரி. அது பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பதால் மூக்கு எப்போதும் முன்னோக்கி இருக்கும். அதோடு வேகத்தையும் குறைத்துக்கொள்வார்கள். தனியாகப் பறந்தால் மணிக்கு 250 கி.மீ. போகிற யந்திரம், இந்தச் சுமையோடு அதில் பாதிகூடப் போகாது.

பைலட் முன்னாடி பார்த்து ஓட்டுறார். கீழ தொங்குறது அவருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அவருக்குக் கண்ணாக இருப்பவர் பின்னால் இருக்கிற பணியாளர். தரையில் உள்ள திறப்பு வழியாகக் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டு, 'வலது இரண்டு அடி, நிறுத்து, கீழே ஒரு அடி, லோடு ஆடுகிறது' என்று விடாமல் சொல்லிக்கொண்டே வருவார். நல்ல பைலட்டும் நல்ல பணியாளரும் சேர்ந்து பல வருஷம் பறந்திருந்தால், அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பைலட்டுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் பதிலில் சொன்ன சிஎச்-54-ல் பின்பக்கம் பார்த்தபடி ஒரு மூன்றாவது பைலட் இருக்கையே உண்டு. சுமையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அவரே யந்திரத்தை நகர்த்தலாம்.

தொங்குற ஹெலிகாப்டர் உள்ள யாராவது உட்கார்ந்து பிரேக்கோ ஸ்டியரிங்கோ பிடிப்பாங்களா?

கூடவே கூடாது. உள்ளே ஆள் மட்டும் இல்லை, கட்டாத ஒரு ஸ்பேனர்கூட இருக்கக் கூடாது. காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

கேதார்நாத்துல என்னதான் ஆச்சு? பைலட் பயந்துபோய் விட்டுட்டாரா?

இந்தக் கேள்வியில்தான் எனக்கு மனசு வலிக்கும். நடந்ததைச் சொல்கிறேன். 2024 மே 24 அன்று யாத்திரிகர்களை ஏற்றி வந்த தனியார் ஹெலிகாப்டர் ஒன்று பழுதாகி, கேதார்நாத் இறங்குதளத்துக்குப் பக்கத்தில் அவசரமாக இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். மூன்று மாதம் அங்கேயே கிடந்த அதை, ஆகஸ்ட் 31 காலை விமானப் படையின் எம்ஐ-17 தூக்கிக்கொண்டு கௌச்சர் விமானத்தளத்துக்குக் கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே, சுமையின் எடையாலும் காற்றாலும் எம்ஐ-17-க்கு நிலைதடுமாறியது. தாரு முகாம் அருகே பள்ளத்தாக்கில் சுமையைக் கழற்றிவிட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை.

மேலே ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். பள்ளத்தாக்கில் காற்று ஒரே சீராக வீசாது. திருப்பத்துக்குத் திருப்பம் மாறும். உயரத்தால் இன்ஜினுக்குக் கையிருப்பும் குறைவு. சுமை ஆடத் தொடங்கினால் யோசிக்க இருக்கிற நேரம் சில வினாடிகள். ஒவ்வொரு கொக்கியிலும் சுமையை அவிழ்த்துவிடுகிற பொத்தான் இருக்கிறது. மின்சாரம் போனாலும் கையால் இழுத்து அவிழ்க்க வழி இருக்கிறது. அதை எப்போது அமுக்குவது என்று கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்திருப்பார்கள். கீழே விழுந்தது ஏற்கெனவே பழுதான, ஆளில்லாத தகரம். மேலே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பொத்தானை அமுக்கத் தயங்கியிருந்தால் நாம் வேறு காணொளி பார்த்திருப்போம். அவரைப் பயந்தவர் என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

சரி, ஊருக்கு மேல போறப்ப பொத்தானை அமுக்கினா?

அதற்காகத்தான் ஊருக்கு மேலே போக மாட்டார்கள். வீடு, சாலை, ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் ஒதுக்கி, சுற்றுவழியானாலும் ஆற்றங்கரை, காடு, தரிசு நிலம் பார்த்துத்தான் பாதை போடுவார்கள். தேவைப்பட்டால் சாலையைக் கொஞ்ச நேரம் மூடுவார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எப்போதாவது இப்படி ஒன்று போனால், வீடியோ எடுக்க அதற்குக் கீழே ஓடாதீர்கள். பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள்.

உடைஞ்ச இரும்புக்கு இவ்வளவு செலவு பண்ணணுமா?

இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடார், கண்காணிப்புக் கருவி, ரகசியத் தகவல்தொடர்புப் பெட்டி என்று ஒரு ராணுவ ஹெலிகாப்டருக்குள் இருப்பதன் விலை பல கோடி. உடம்பு வளைந்திருந்தாலும் உள்ளே பாதி நன்றாக இருக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஏன் விழுந்தது என்கிற பதில். எந்த பேரிங் உடைந்தது, எந்தக் குழாய் கசிந்தது என்று பட்டறை மேஜையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அது தெரிந்தால் அதே ரகத்தில் நாளைக்குப் பறக்கப்போகிற மற்றவர்கள் பிழைப்பார்கள்.

2021 ஜூலையில், கலிபோர்னியாவின் மவுன்ட் ஹோக் பக்கம், மலையில் காணாமல் போனவரைத் தேடப் போன அமெரிக்கக் கடற்படையின் எம்எச்-60எஸ் ஒன்று மோதி இறங்கியது. உயரம் கிட்டத்தட்ட 12,000 அடி. உள்ளே இருந்த நால்வரும் பிழைத்தார்கள். செப்டம்பரில் சிஎச்-53கே வந்து, ஏறக்குறைய 6.9 டன் எடையுள்ள அதை முழுசாகத் தூக்கி, 23 கடல் மைல் தள்ளியிருந்த பிஷப் விமானத்தளத்தில் இறக்கியது. அந்தப் புது ரக ஹெலிகாப்டருக்கு அதுதான் முதல் நிஜப் பணி.

எதிரி நாட்டுல விழுந்துட்டா? அங்க போய்க் கொக்கி மாட்ட முடியுமா?

நேரமும் பாதுகாப்பும் இருந்தால் மாட்டலாம். இல்லையென்றால் அழித்துவிட்டு வருவார்கள். 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டுக்குள் அமெரிக்கப் படை நுழைந்தபோது அவர்களின் ஒரு ஹெலிகாப்டர் மதில்மேல் விழுந்தது. போகிறபோது வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் வால் மதிலுக்கு வெளியே விழுந்து தப்பித்துக்கொண்டது. மறுநாள் அதன் படம் உலகம் முழுக்கப் போனது. அப்படி ஒரு ரகம் இருப்பதே அதன்பிறகுதான் வெளியே தெரிந்தது. 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் பிணைக்கைதிகளை மீட்கும் அமெரிக்காவின் முயற்சி தோற்றபோது, அழிக்கக்கூட நேரமில்லாமல் ஐந்து ஹெலிகாப்டர்களை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டிவந்தது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. லிபியா படைகள் 1987-ல் சாட் நாட்டின் வாடி டூம் தளத்தை விட்டு ஓடியபோது, சோவியத்தில் செய்த எம்ஐ-25 தாக்குதல் ஹெலிகாப்டர் ஒன்று அங்கேயே நின்றுவிட்டது. அமெரிக்கர்களுக்கு அதைப் பிரித்துப் பார்க்க ஆசை. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு, சாட் அரசின் சம்மதத்தோடு 1988 ஜூனில் இரண்டு சினூக்குகள் இரவில் பறந்து போய் அதைக் கொக்கியில் மாட்டின. நூற்றுக்கணக்கான கி.மீ. தூரம், நடுவில் பாலைவனத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பி, மணற்புயலையும் சமாளித்துத் தலைநகர் என்ஜமீனாவுக்குக் கொண்டுவந்தார்கள். 'மவுன்ட் ஹோப் III' என்று பெயர். சுமை தூக்கும்போது எடைக்காக எரிபொருளைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும். அதனால் இத்தனை தூரம் போவது அபூர்வம்.

கடைசியா ஒண்ணு தாத்தா: எல்லாத்தையும் தூக்குற எம்ஐ-26 கெட்டுப்போனா அதை யாரு தூக்குவா?

பேத்தி கேட்டது, எட்டு வயசு. யாராலும் முடியாதம்மா. அதன் வெற்று எடை 28 டன். இன்னொரு எம்ஐ-26 வந்தாலும் 20 டன்தான் தூக்கும். இரண்டாவது பதிலில் சொன்ன பட்டியல் அதற்கு முதல் வரியோடு முடிந்துவிடும்: இருக்கிற இடத்திலேயே சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, மெக்கானிக்குகள் அங்கேயே தங்குவார்கள். புது இன்ஜின் வேறொரு ஹெலிகாப்டரின் அடியில் தொங்கிக்கொண்டு வந்து சேரும். அப்போதும் ஒருவர் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.